பெருசுக்கு இன்னிக்கு நாள் குறிச்சாச்சு!

"ஆஆஆஆஆ...!"

அந்த அலறல் பல் ஆஸ்பத்திரியின் கண்ணாடிக் கதவைத் தாண்டி, மாடிப்படியில் தடதடவென்று இறங்கி, தெருவில் போய்க்கொண்டிருந்த ஒரு சைக்கிளை பிரேக் போட வைத்தது.

டாக்டரம்மா ஊசியைக் கீழே இறக்கினார்.

"சார்... நான் இன்னும் ஊசியே போடலை."

"தெரியும் டாக்டர். போட்டப்புறம் வாய் மரத்துப் போயிடும்ல? அப்போ கத்த முடியாதே... அதான் முன்கூட்டியே கத்தி வெச்சுக்கறேன்."

நாற்காலியில் மல்லாந்து கிடந்தவர் மூக்குக்கண்ணாடி விற்பவர். பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் சொந்தமாகக் கடை. வயது ஐம்பத்தெட்டு. இடுப்பு வலி உண்டு. பார்வை மட்டும் கழுகு. எதிர்ச் சுவரில் ஒட்டியிருந்த காலண்டரின் அடியில், அச்சகத்தின் முகவரியைப் படுத்தபடியே படித்துவிடுவார்.

அந்தப் பார்வைதான் அவரை வம்பில் மாட்டிவிட்டிருந்தது!

போன வாரம் அவர் தெருவில் ஒரு திருட்டு. போனது நகையோ பணமோ இல்லை.

ரோட் ரோலர்!

தார் போட வந்து நின்ற ரோட் ரோலரை, விடியற்காலையில் ஒருத்தன் ஓட்டிக்கொண்டு போய்விட்டான். கண்ணாடிக்காரர் பல் தேய்த்துக்கொண்டே மாடியிலிருந்து பார்த்தார். வாயைக் கொப்பளித்தார். சட்டை போட்டார். செருப்பைத் தேடினார். கீழே வந்தார். ரோலர் இன்னும் பக்கத்து வீட்டைத் தாண்டவில்லை!

கூடவே நடந்து, "எங்கேப்பா போறே?" என்று விசாரித்தார்.

"சர்வீஸுக்கு," என்றான் திருடன்.

முகத்துக்கு முகம் பார்த்த ஒரே சாட்சி அவர். நாளை நீதிபதியின் முன்னால் வாக்குமூலம் தர வேண்டும். இன்று காலை அவருக்கு ஒரு ஃபோன் வந்தது. கரகரத்த குரல்.

"நாளைக்கு ஜட்ஜ் முன்னாடி வாயைத் திறந்தே... அப்புறம் அந்த வாயை மூடவே மாட்டே!"

டொக்.

அந்த அதிர்ச்சியில் பல்லை நறநறவென்று கடித்தார். கடைவாய்ப் பல் இரண்டாகப் பிளந்தது. அதனால்தான் இங்கே வந்திருக்கிறார்.

"வாயைத் திறங்க சார்," என்றார் டாக்டரம்மா.

கண்ணாடிக்காரர் நாற்காலியின் கைப்பிடியைப் பற்றினார். "அ... அதே வார்த்தை!"

"பல் ஆஸ்பத்திரியில வேற என்ன சார் சொல்லுவாங்க? கையைத் தூக்குங்கன்னா?"

சுருக்! ஊசி இறங்கியது.

"அஞ்சு நிமிஷத்துல மரத்துப் போயிடும். அதுவரைக்கும் இதைப் பாருங்க." டாக்டரம்மா பெருமையோடு, நாற்காலியின் மேலே நீட்டிக்கொண்டிருந்த இரும்புக் கையைத் திருப்பினார். அதன் நுனியில் பளபளவென்று ஒரு பெரிய மானிட்டர். அதில் கண்ணாடிக்காரரின் பிளந்த பல், எக்ஸ்ரேயில், பூசணிக்காய் அளவுக்குத் தெரிந்தது.

"இவ்ழோ பெழ்சா?" நாக்கு ஏற்கெனவே தடிக்க ஆரம்பித்திருந்தது.

"நேத்துதான் மாட்டினேன். என் லேப்டாப்ல மானிட்டர் மாட்டற ஓட்டையே செத்துப் போச்சு சார். கடைக்காரன் புது லேப்டாப் வாங்குங்கன்னான். விடுவேனா நான்? யு.எஸ்.பி. வீடியோ அடாப்டர்னு ஒண்ணு இருக்குன்னு கண்டுபிடிச்சேன்." மூலையில் இருந்த மேஜையைக் காட்டினார். லேப்டாப்பின் விலாவில், தீப்பெட்டி அளவுக்கு ஒரு கறுப்புப் பெட்டி தொங்கிக்கொண்டிருந்தது. அதிலிருந்து தடித்த ஒயர் ஒன்று தரையோடு ஊர்ந்து வந்து மானிட்டருக்குள் புகுந்தது. "ஒரு பக்கம் யு.எஸ்.பி. ஓட்டை. இன்னொரு பக்கம் மானிட்டர். அவ்வளவுதான்! லேப்டாப்ல என் சொந்த வேலை. மானிட்டர்ல உங்க பல்லு. அது வேற, இது வேற. காலையில அசிஸ்டெண்ட் தரை துடைக்கறப்போ ஒயரைப் பிடுங்கிட்டா. நானே மறுபடி சொருகிட்டேன். இதுக்கெல்லாம் எதுக்கு ஆளைக் கூப்பிடணும்?"

டாக்டரம்மா போய் மேஜையில் உட்கார்ந்தார். அங்கிருந்து பார்த்தால் மானிட்டரின் முதுகுதான் தெரியும்.

கண்ணாடிக்காரர் தன் பல்லையே வெறித்தார்.

திடீரென்று அந்தப் பல்லின் மேல் ஒரு சின்னக் கட்டம் முளைத்தது!

எழுத்துகள் ஓடின. அவர் கழுகுக் கண்களால் படித்தார்.

'வீட்டுக்காரர்: பெருசை இன்னிக்கே தூக்கிடலாமா?'

பெருசு! கடையில் வேலை செய்கிறவர்கள் முதுகுக்குப் பின்னால் அவரை அப்படித்தான் கூப்பிடுவார்கள்!

மேஜையில் டாக்டரம்மா டக டகவென்று தட்டும் சத்தம். மானிட்டரில் பதில் ஓடியது.

'ம். நாள் குறிச்சாச்சு. இன்னும் ஒரே ஒரு பல்லுதான் பிடுங்கணும். அப்புறம் எடுத்துக்கோங்க.'

'வீட்டுக்காரர்: பாவம்தான். நல்லா உழைச்சுது.'

'என்ன பண்றது? இடுப்பு போயிடுச்சு. படுத்தா எழுந்திருக்க மாட்டேங்குது. எழுந்தாலும் ஒரு மாதிரி முனகுது.'

கண்ணாடிக்காரர் தன் இடுப்பைத் தொட்டுப் பார்த்தார். இடுப்பு... முனகல்... எல்லாம் அவரேதான்! உள்ளே வரும்போதுகூட முனகிக்கொண்டேதானே படுத்தார்!

'வீட்டுக்காரர்: முழுசா கதவு வழியா வராது. கை காலைத் தனித்தனியா கழட்டிடலாம். வேன் பின்பக்கமா வரும். தார்ப்பாய் போட்டு மூடிடலாம்.'

'சரி. தலையை மட்டும் எனக்கு எடுத்து வைங்க. ஞாபகார்த்தமா வெச்சுக்கறேன்.'

தலை!

'வீட்டுக்காரர்: அசிஸ்டெண்டுக்குத் தெரியுமா?'

'தெரியாது. தெரிஞ்சா அழுது ஊரைக் கூட்டுவா. புதுசு வேற பார்த்தாச்சு. சிவப்பு. நல்லா மெத்து மெத்துன்னு இருக்கு.'

டாக்டரம்மா எழுந்தார். தட்டிலிருந்து குறடு போன்ற ஒன்றை எடுத்தார். அது வெளிச்சத்தில் மின்னியது. முகத்தில் புன்னகை.

"மரத்துப் போச்சா சார்?"

"ங்ஙீங்க... ங்ஙாங்..."

"நல்லா மரத்துப் போச்சு! வாங்க, முடிச்சிடலாம்."

முடிச்சிடலாம்!

அதுவரை இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்த மனிதர், நாற்காலியிலிருந்து எகிறிக் குதித்தார்! கழுத்தில் நோயாளிகளுக்குக் கட்டும் நீலத் துணி. வாயில் எச்சில் உறிஞ்சும் குழாய். குழாய் இழுபட்டது... நீண்டது... பட்டென்று தெறித்தது. பாய்ந்து போய் பாத்ரூமுக்குள் நுழைந்து தாழ்ப்பாளைப் போட்டார்.

"சார்! குழாயைக் குடுத்துட்டுப் போங்க சார்!"

உள்ளே கண்ணாடிக்காரர் ரோலர் கேஸைப் பார்க்கும் இன்ஸ்பெக்டரின் எண்ணைத் தட்டினார். 'என்ன ஆபத்துன்னாலும் என்னைத்தான் கூப்பிடணும், வேற யாரையும் கூப்பிடக்கூடாது' என்று இன்ஸ்பெக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

"ஹலோ! யார் பேசறது?"

"ங்ஙாங்... கங்ஙாழிக் கழக்காழங்!"

"என்னது? எந்த ஊர் பாஷை இது?"

"கங்ஙாழி! கங்ஙாழி!"

"இங்க பாருங்க, வெளிநாட்டு ஆளா இருந்தா அதுக்கு வேற நம்பர் இருக்கு."

கதவுக்கு வெளியே டாக்டரம்மாவின் கனிவான குரல். "சார், ஃபோன்ல இருக்கறவருக்குப் புரியலையா? ஸ்பீக்கர்ல போடுங்க, நான் சொல்றேன். இருபது வருஷமா இந்தப் பாஷையிலதானே பொழைப்பு ஓடுது?"

வேறு வழி? கண்ணாடிக்காரர் ஸ்பீக்கரைப் போட்டார்.

"ங்ஙாங் பழ் ஆச்பத்ழில இழுக்கேங்!"

"கண்ணாடிக் கடைக்காரர் பேசறாருங்க. பல் ஆஸ்பத்திரியில இருக்காராம்," என்றார் டாக்டரம்மா, கதவில் காதை வைத்து.

"எங்ஙக் கொழ்ழப் போழாங்க!"

"அவரைக் கொல்லப் போறாங்களாம்... ஐயையோ! யாரு சார்?"

"ழாக்டழ்!"

"டாக்டராம். அதாவது... நானா?!"

குறடு டாக்டரம்மாவின் கையிலிருந்து நழுவித் தரையில் டங்கென்று விழுந்தது.



"அப்படியா?" இன்ஸ்பெக்டரின் குரலில் என்னவோ ஒரு குளிர்ச்சி. "எவ்வளவு நேரத்துல முடிப்பாங்களாம்? அவசரமில்லை, நான் மெதுவா... ச்சே! அவசரமா வர்றேன்னு சொல்லுங்க!"

அவசரமாக வந்த இன்ஸ்பெக்டர், வழியில் தலையை வாரிக்கொண்டு வந்திருந்தார். பவுடர் வேறு. பின்னாலேயே லேப்டாப் பையைத் தூக்கிக்கொண்டு ஒரு பெண் கான்ஸ்டபிள். துறுதுறு கண்கள். உதட்டில் எப்போதும் ஒரு கேள்வி.

"கொலைகாரி எங்கே?" உறுமினார் இன்ஸ்பெக்டர். கண்ணாடிக்காரர் பாத்ரூமிலிருந்து தலையை மட்டும் நீட்டினார். இன்ஸ்பெக்டரின் முகம் லேசாகத் தொங்கியது. "உயிரோடதான் இருக்கீங்களா?"

"சார், நான் யாரையும் கொல்லலை!" டாக்டரம்மாவுக்கு அழுகை முட்டியது. "இவர் என்னென்னமோ சொல்றார். பெருசைத் தூக்கறேன்னு சொன்னேனாம், கை காலைக் கழட்டச் சொன்னேனாம்... சொன்னேன்தான், ஆனா அது..."

அந்த நேரம் பார்த்து மருந்து அறையிலிருந்து அசிஸ்டெண்ட் அக்கா வெளியே வந்தார். 'பெருசு' என்ற சொல் காதில் விழுந்ததோ இல்லையோ...

"ஐயோ! பெருசைத் தூக்கறீங்களா?"

வீறிட்டார். கையிலிருந்த பஞ்சு டப்பா பறந்தது.

"டாக்டர்! உங்களுக்கு எப்படி மனசு வந்தது? எத்தனை வருஷமா இந்தக் கையாலதானே துடைச்சுத் துடைச்சு வெச்சிருக்கேன்!"

இன்ஸ்பெக்டர் துப்பாக்கியை உருவினார். "அப்போ உண்மைதான்! யாரும் அசையக்கூடாது!"

அசிஸ்டெண்ட் அக்கா அசைந்தார். ஓடினார். கண்ணாடிக்காரர் கண்களை இறுக மூடிக்கொண்டார். ஆனால் அக்கா அவரைத் தாண்டிப் போய்...

பல் பிடுங்கும் நாற்காலியைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதார்!

"பெருசு... என் பெருசு..."

கான்ஸ்டபிள் மெல்லத் தொண்டையைச் செருமினார். "அக்கா... பெருசுங்கறது... இந்த நாற்காலியா?"

"ஆமாங்க! நான்தான் பேர் வெச்சேன்! சாய்ச்சா எழுந்திருக்காது. எழுந்தா முனகும். அதுக்காகக் கை காலைக் கழட்டி எடைக்குப் போடறதா? தலை வைக்கிற திண்டாவது மிஞ்சுமா டாக்டர்?"

"அதை எடுத்து வைக்கச் சொல்லிட்டேன்டி," டாக்டரம்மா மூக்கை உறிஞ்சினார். "உன்கிட்ட பக்குவமா சொல்லலாம்னு இருந்தேன். சிவப்புல புதுசு வாங்கிட்டேன்."

துப்பாக்கி மெதுவாக உறைக்குள் போனது.

கண்ணாடிக்காரர் கண்களைத் திறந்தார். மானிட்டரைக் காட்டினார். "ங்ஙாங்... அழுல... பழிச்சேங்!"

"அதுல படிச்சாராம்," என்று பழக்கதோஷத்தில் சொன்ன டாக்டரம்மா, மானிட்டரை எட்டிப் பார்த்துத் திடுக்கிட்டார். அவருடைய அந்தரங்க அரட்டை முழுவதும் அங்கே பளிச்சென்று! போன வாரம் மாமியாரைப் பற்றி எழுதியதுகூட!

கான்ஸ்டபிள் லேப்டாப்பில் ரெண்டு தட்டுத் தட்டினார். "ஒயரைப் பிடுங்கிட்டு மறுபடி சொருகினீங்கல்ல டாக்டர்? அதுல செட்டிங் மாறிப் போச்சு. ரெண்டும் தனித்தனியா இருந்தது, இப்போ டூப்ளிகேட் ஆயிடுச்சு. இங்க என்ன தெரியுதோ, அதே அங்கயும் தெரியும்."

"மூணு நோயாளி பார்த்துட்டுப் போனாங்களே!" டாக்டரம்மா தலையில் கை வைத்தார். "அதான் ஒருத்தர் போறப்போ 'உங்க மாமியார்கிட்ட கொஞ்சம் பொறுமையா இருங்கம்மா'ன்னாரா?"

எல்லோரும் சிரித்தார்கள். கண்ணாடிக்காரரும் சிரித்தார், பாதி வாயால்.

இன்ஸ்பெக்டர் மட்டும் சிரிக்கவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"சரி, வந்ததுதான் வந்தேன். நாளைக்கு ஜட்ஜ் முன்னாடி போறதுக்குள்ள ஒரு வேலை இருக்கு. சந்தேகப்படற ஆளுங்க ஃபோட்டோ நாலு கொண்டாந்திருக்கேன். இந்த நாலு பேர்ல ஒருத்தன்தான் ரோலர் திருடன். யாருன்னு சொல்லுங்க." தன் லேப்டாப்பைத் திறந்தார். திரை உள்ளங்கை அகலம்தான். "படம் கொஞ்சம் சின்னதா..."

"என் அடாப்டர் இருக்கே!" டாக்டரம்மாவுக்குப் பழைய உற்சாகம் திரும்பியது. கறுப்புப் பெட்டியை எடுத்து இன்ஸ்பெக்டரின் லேப்டாப்பில் சொருகினார். "கொஞ்ச நேரம் ஆகும். புது லேப்டாப்னா அதுக்கு வேண்டியதைத் தானே இறக்கிக்கும்."

மானிட்டர் கறுத்தது. 'நோ சிக்னல்' என்று மிதந்தது.

"இதெல்லாம் டப்பா ஐட்டம்," என்று முணுமுணுத்துவிட்டு, இன்ஸ்பெக்டர் மேஜையில் உட்கார்ந்துகொண்டார். மானிட்டரின் முதுகைப் பார்த்தபடி. கண்ணாடிக்காரரைப் பெருசின் மேலேயே மறுபடி உட்கார வைத்தார்கள். பெருசு முனகியது. அவரும் முனகினார்.

லேப்டாப்பில் 'டிங்' என்றது. இன்ஸ்பெக்டர் சுற்றுமுற்றும் பார்த்தார். யாரும் தன் பக்கம் இல்லை. நல்லது. இரண்டே விரல்களால் தட்ட ஆரம்பித்தார்.

மானிட்டர் ஒருமுறை கண்ணைச் சிமிட்டியது.

உயிர் பெற்றது!

'மச்சினன்: மாமா, கண்ணாடிக் கிழம் செத்துதா?'

டாக்டரம்மாவின் வாய் பிளந்தது. கான்ஸ்டபிள் உதட்டில் விரலை வைத்தார். அந்த அறையில் இப்போது ஒரே சத்தம் இன்ஸ்பெக்டரின் இரண்டு விரல்கள்.

'இல்லடா. பல் டாக்டரம்மா கொல்றாங்கன்னு ஆசையா வந்தேன். நாற்காலியாம். சே!'

'மச்சினன்: காலையில நான் ஃபோன்ல மிரட்டினது வேலை செஞ்சுதா?'

'பல்லுதான் உடைஞ்சுது. கவலைப்படாதே. வேற நாலு பேர் படம் கொண்டாந்திருக்கேன். எவனையாவது கையைக் காட்ட வெச்சிடறேன்.'

'மச்சினன்: ரோலரை என்ன மாமா பண்றது? அம்மா திட்டறாங்க. கொல்லையில நடக்க இடமில்லையாம்.'

'மாமியார் வீட்டை விட்டா எங்கடா வைக்கறது? அங்கயே இருக்கட்டும். மேல துணி காயப் போடச் சொல்லு. இன்னும் ஒரு வாரத்துல வித்துடலாம்.'

பெயருக்குப் பக்கத்தில் மச்சினனின் வட்டமான சின்னப் படம். கடுகு அளவுதான். ஆனால் பார்ப்பது யார்? கண்ணாடிக்காரர்! எக்கிப் பார்த்தார். கண்கள் விரிந்தன.

ரோட் ரோலர் மேல் உட்கார்ந்து, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, பல்லைக் காட்டியபடி... அவன்!

"இவங்ஙாங்! இவங்ஙேழாங்! சழ்வீசுக்குழ் போழேங்ஙு சொங்ஙாங்!"

"என்ன சொல்றார்?" தலையைத் தூக்காமலே கேட்டார் இன்ஸ்பெக்டர்.

"இவன்தானாம் சார்," என்றார் டாக்டரம்மா. "சர்வீஸுக்குப் போறேன்னு சொன்னவன் இவனேதானாம்."

"எவன்? நான் இன்னும் ஃபோட்டோவே காட்டலையே!"

"உங்க மச்சினன் சார்."

இரண்டு விரல்களும் அந்தரத்தில் நின்றன.

இன்ஸ்பெக்டர் மெல்ல எழுந்தார். மேஜையைச் சுற்றி வந்தார். மானிட்டரைப் பார்த்தார். தன் வாழ்க்கையே பெரிய எழுத்தில் தெரிவதைப் படித்தார். முகத்துப் பவுடர் வியர்வையில் கோடு கோடாக இறங்கியது.

"இது... இது டூப்ளிகேட்! நம்பாதீங்க!"

"ஆமா சார், டூப்ளிகேட்தான். ஒரிஜினல் உங்க லேப்டாப்ல இருக்கு," என்றார் கான்ஸ்டபிள், கையிலிருந்த மொபைலை ஆட்டி. "முழுக்கப் படம் எடுத்து டி.எஸ்.பி. மேடத்துக்கு அனுப்பிட்டேன். எனக்கு அன்னிக்கே சந்தேகம் சார். ரோட் ரோலரைத் துரத்திட்டுப் போய், 'வேகம் தாங்க முடியலை, தப்பிச்சிட்டான்'னு ரிப்போர்ட் எழுதினீங்களே!"

இன்ஸ்பெக்டரின் கை துப்பாக்கியை நோக்கிப் பாய்ந்தது.

அதைவிட வேகமாக அசிஸ்டெண்ட் அக்காவின் கால் பெருசின் மிதியை அழுத்தியது!

க்ரீச்...! படுத்தால் எழுந்திருக்காத பெருசு, அன்று முதல்முறையாக விசையோடு எகிறியது. அதில் இருந்த கண்ணாடிக்காரர் அப்படியே பறந்து போய் இன்ஸ்பெக்டரின் மேல் விழுந்தார். துப்பாக்கி எங்கோ உருண்டது. இரண்டு பேரும் கட்டிப் புரண்டார்கள். கண்ணாடிக்காரரின் தாடை இன்ஸ்பெக்டரின் தொப்பியில் ணங்கென்று மோதியது.

கான்ஸ்டபிள் விலங்கை மாட்டினார்.

கண்ணாடிக்காரர் எழுந்தார். வாயைத் துடைத்தார். உள்ளங்கையைப் பார்த்தார்.

கடைவாய்ப் பல்! பிளந்த இரண்டு துண்டும்!

"வேழோட வழ்ழிடுச்சு ழாக்டழ்!"

"வேரோட வந்திடுச்சா? பிரமாதம்!" டாக்டரம்மா அதை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார். "சார், என்னைவிட நீங்க நல்லாப் பிடுங்கறீங்க!"

அசிஸ்டெண்ட் அக்கா நாற்காலியைத் தடவிக்கொண்டிருந்தார். டாக்டரம்மா ஃபோனை எடுத்து வீட்டுக்காரருக்கு ஒரே வரி தட்டினார்: 'வேன் வேண்டாம். பெருசு இங்கேயே இருக்கட்டும்.'

வாசலில் ஜீப் வந்து நின்றது. விலங்கோடு படியிறங்கிய இன்ஸ்பெக்டர், கடைசியாக ஒரு முறை கெஞ்சலாகத் திரும்பினார்.

"ஏம்மா, இத்தனை நாள் ஒண்ணா வேலை பார்த்தோமே... எனக்குன்னு ஒரு சலுகையும் கிடையாதா?"

கான்ஸ்டபிள் ஜீப்பின் கதவை மரியாதையாகத் திறந்துவிட்டார்.

"உங்களுக்கு இல்லாததா சார்? உங்க மாமியார் வீட்ல இடம் பத்தலையாமே... அங்க இருக்கற ரோலரை நாங்க எடுத்துக்கறோம். உங்களை வேற மாமியார் வீட்ல சேர்த்துடறோம்... அங்க மூணு வேளையும் சாப்பாடு போட்டு, கம்பி போட்ட ரூமும் குடுப்பாங்க!"